பிறப்பும் பொறுப்பும்

ஒரே தோட்டம், ஒரே லயம். அடுத்தடுத்த வீடுகளில் இருவர் வாழ்கின்றனர். விடியுமுன் எழுந்து இருவரும் பெரட்டுக்குச் செல்கின்றனர். அடுத்தடுத்த நிரைகளில் மரம் சீவுகின்றனர். ஒரே கிணற்று நீரைக் குடிக்கின்றனர். ஒரு மாலைப் பொழுதில் ஒரே சதுப்பில் பிறந்த கொசுக்கள் இருவரையும் கடிக்கின்றன. இரு வாரம் கழித்து ஒருவர் கம்பளிக்குள் நடுங்கிக் கிடக்கிறார். மற்றவரோ எப்போதும்போல் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நிரைக்குப் போகிறார். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் இக்காட்சி அரிதன்று.

அவருக்கு வந்த காய்ச்சல் இவருக்கு ஏன் வரவில்லை? இவ்வினாவுக்குப் பழந்தலைமுறை பலவாறு விடை கூறிற்று. தலையெழுத்து என்றார் சிலர். அவன் உடம்பைப் பேணத் தெரியாதவன் என்றார் சிலர். அந்தச் சாதியாரின் உடற்கட்டே அப்படி என்று சொல்லி முடித்தவரும் உண்டு. விடைகள் வேறு வேறாயினும் அவற்றால் விளைந்த பயன் ஒன்றே. படுத்தவனைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய தேவை அருகிலிருந்தவர்க்கு இல்லாமற் போயிற்று.

இன்றைய அறிவியல் வேறொரு விடையைக் கூறுகிறது. ஒட்டுண்ணி உடலுக்குள் புகும்போது அதனை எதிர்க்கும் உயிரணுக்கள் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதில், பெற்றோர் வழி வந்த மரபணுக்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதே அது. இவ்விடை மெய்யானது. ஆயினும் மேற்போக்காகக் கேட்பவர்க்கு இது பழைய தலையெழுத்தே புதிய உடை உடுத்தி வந்ததுபோல் தோன்றும். ஆதலின் இங்கு அறவியல் சார்ந்த ஒரு வினா எழுகிறது. தான் தேர்ந்தெடுக்காத ஒன்றின் பொருட்டு ஒருவனைப் பழிப்பதோ புகழ்வதோ முறையாகுமா? உடலின் தற்காப்பும் பிறப்பிலேயே பெரிதும் அமைந்துவிடுகிறது என்றால், பிறர் செய்யத்தக்கது யாது?

இருவகைச் சுண்டெலிகள்

இவ்வினாவைத் தெளிவாக ஆராய உதவுபவை ஆய்வுக்கூடத்துச் சுண்டெலிகள். உடன்பிறந்தவற்றை உடன்பிறந்தவற்றோடு இருபது தலைமுறைக்கு மேல் இணையச் செய்து, ஒரு வகையைச் சேர்ந்த எலிகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே மரபணுக்களை உடையனவாக அறிஞர் வளர்த்துள்ளனர். அவற்றுள் வெள்ளை நிறமுடைய ஒருவகை பால்ப்-சி எனப்படும். கருநிறமுடைய மற்றொரு வகை சி57 எனப்படும்.

மணல் ஈக்களால் பரவும் லெய்ஷ்மேனியா என்னும் ஒட்டுண்ணியை இவ்விருவகை எலிகளின் தோலிலும் செலுத்தினர். கருஞ்சுண்டெலிக்கு ஒரு புண் தோன்றிச் சில வாரங்களில் ஆறிவிடுகிறது. வெள்ளைச் சுண்டெலிக்கோ புண் ஆறுவதில்லை. ஒட்டுண்ணி உள்ளுறுப்புகளுக்குப் பரவி, எலி இறந்துபடுகிறது. கூண்டும் உணவும் ஒன்றே; செலுத்திய ஒட்டுண்ணியின் அளவும் ஒன்றே. வேறுபட்டது பிறப்பு மட்டுமே.

இவ்வேறுபாடு எவ்வாறு நிகழ்கிறது? குருதியிலுள்ள வெள்ளணுக்களுள் உதவி டி அணுக்கள் என்பன ஒருவகை. பகைவன் புகுந்தபோது மற்ற அணுக்களுக்குச் செய்தி அனுப்பிப் போரை நடத்துவன இவையே. இவ்வணுக்கள் இருவேறு பிரிவாகச் செயற்படுகின்றன என்பதை 1986ஆம் ஆண்டில் மாஸ்மன், காஃப்மன் என்னும் இருவரும் அவர்தம் குழுவினரும் எடுத்துக்காட்டினர். முதற்பிரிவு காமா இன்டர்பெரான் என்னும் பொருளைச் சுரந்து, விழுங்கணுக்களை எழுப்பிவிடும். எழுச்சி பெற்ற விழுங்கணு தன்னுள் ஒளிந்துள்ள ஒட்டுண்ணியைத் தானே அழிக்கும். இரண்டாம் பிரிவு இன்டர்லியூகின்-4 முதலிய பொருள்களைச் சுரந்து, வேறுவகைத் தற்காப்பைத் தூண்டும். லெய்ஷ்மேனியா நுழைந்ததும் கருஞ்சுண்டெலியில் முதற்பிரிவு தலையெடுக்கிறது. வெள்ளைச் சுண்டெலியில் இரண்டாம் பிரிவு தலையெடுக்கிறது. வெள்ளைச் சுண்டெலியும் போரிடாமல் இல்லை; அப்பகைவனுக்குப் பொருந்தாத படையை அனுப்பிப் போரிடுகிறது.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் கருஞ்சுண்டெலியை வலியது என்றும் வெள்ளைச் சுண்டெலியை மெலியது என்றும் முடிவு கட்டத் தோன்றும். ஆனால் அதே வெள்ளைச் சுண்டெலியின் குடலுக்குள் சாட்டைப்புழுவின் முட்டைகளைச் செலுத்தினால் நிகழ்வது வேறு. குடற்புழுவை வெளியேற்றத் தேவைப்படுவது அந்த இரண்டாம் பிரிவே. ஆதலால் வெள்ளைச் சுண்டெலி புழுக்களைச் சில வாரங்களில் வெளியேற்றிவிடுகிறது. ஒரு பகைவனிடம் அதனைத் தோற்கச் செய்த இயல்பே மற்றொரு பகைவனிடம் அதனைக் காக்கிறது.

எனவே வலிமை, மெலிமை என்னும் சொற்களைத் தனியே நிறுத்திப் பொருள் காண இயலாது. எதற்கு எதிரே வலிமை, எந்த இடத்தில் மெலிமை என்ற வினாக்களை உடன் சேர்த்தாலன்றி அச்சொற்கள் நிறைவு பெறா.

மாந்தரிடையே

மாந்தரிடத்தும் இவ்வுண்மை காணப்படுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள புர்க்கினா பாசோ நாட்டில் ஃபுலானி, மோசி, ரிமாய்பே என்னும் மூன்று குழுவினர் அண்டை அயலாக வாழும் சிற்றூர்கள் உண்டு. இத்தாலிய, புர்க்கினா பாசோ அறிஞர்கள் அங்கு நடத்திய ஆய்வு 1996ஆம் ஆண்டில் வெளிவந்தது. மூன்று குழுவினரையும் ஒரே வகைக் கொசுக்களே கடித்தன. ஆயினும் ஃபுலானி மக்களின் குருதியில் மலேரியா ஒட்டுண்ணி குறைவாகவும், அதனை எதிர்க்கும் பொருள்கள் மிகுதியாகவும் இருந்தன. காரணத்தைத் தேடிச் சென்ற மற்றோர் ஆய்வு 2008ஆம் ஆண்டில் வியப்பான செய்தியைத் தந்தது. உடலின் எதிர்ப்பு எல்லை மீறாதவாறு அடக்கி வைக்கும் ஒருவகை டி அணுக்கள் ஃபுலானி மக்களிடம் குறைவாகவே செயற்படுகின்றன என்பதே அச்செய்தி. அறிவியலார் இதனை ஒரு குறைபாடு என்றே குறித்தனர். அந்தக் குறைபாடே அம்மக்களுக்குக் காவலாக நிற்கிறது போலும்.

காவலாக நிற்பது விலை கேட்பதும் உண்டு. அரிவாள் வடிவச் சிவப்பணுவை உண்டாக்கும் மரபணுவே இதற்குப் பலரும் அறிந்த சான்று. இது வெள்ளணுவின் வேலை அன்று. சிவப்பணுவின் அமைப்பைச் சார்ந்தது. ஆயினும் பிறப்புக்கும் ஒட்டுண்ணிக்கும் உள்ள உறவை இதைப்போல் விளக்குவது பிறிதில்லை. இதனைப் பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற பிள்ளை, கடுமையான மலேரியாவிலிருந்து பெருமளவு காக்கப்படுகிறது என்பதை 1954ஆம் ஆண்டில் ஆந்தனி அல்லிசன் நிறுவினார். இருவரிடமிருந்தும் பெற்ற பிள்ளையோ வாழ்நாள் முழுதும் குருதி நோயால் வருந்துகிறது. தமிழகத்து நீலகிரியில் வாழும் பழங்குடியினரிடையே இம்மரபணு இருப்பதை 1952ஆம் ஆண்டிலேயே லேமன், கட்புஷ் என்னும் இரு அறிஞர்கள் கண்டறிந்தனர். மலாய் மக்களிடையேயும் ஓராங் அஸ்லி மக்களிடையேயும் முட்டை வடிவச் சிவப்பணுவை உண்டாக்கும் ஒரு மரபணு உண்டு. அது மூளையைத் தாக்கும் மலேரியாவைத் தடுக்கிறது. ஆனால் இரு பெற்றோரிடமிருந்தும் அதனைப் பெறும் கரு பெரும்பாலும் பிறக்குமுன்னரே அழிந்துபடும் எனக் கருதப்படுகிறது.

ஒரு குழந்தையைக் காக்கும் அதே மரபணு, மற்றொரு குழந்தையை வருத்துகிறது. காக்கப்பட்ட குழந்தை அதற்கென எதுவும் செய்யவில்லை. வருந்தும் குழந்தையும் எந்தப் பிழையும் செய்யவில்லை. பழிக்கும் புகழுக்கும் இங்கே இடமே இல்லை.

முடிந்த முடிபு அன்று

அவ்வாறாயின், பிறப்பு எழுதியதை எவராலும் மாற்ற இயலாதா? இதற்கும் அவ்வெள்ளைச் சுண்டெலியே விடை தருகிறது. ஒட்டுண்ணி நுழையும் காலத்திலேயே இன்டர்லியூகின்-4 என்னும் பொருளைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியபோது, இறக்க வேண்டிய வெள்ளைச் சுண்டெலி பிழைத்தெழுந்தது. இன்டர்லியூகின்-12 என்னும் வேறொரு பொருளைத் தொற்றின் தொடக்கத்தில் கொடுத்தபோதும் அது நலம் பெற்றது. இது 1993ஆம் ஆண்டில் வெளிவந்த செய்தி. அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, எவ்வித மருந்துமின்றி, முதலில் மிகச் சிறிய அளவில் மட்டும் ஒட்டுண்ணியைச் செலுத்தினால், வெள்ளைச் சுண்டெலி பிற்காலத்துப் பெருந்தொற்றையும் தாங்கும் எனக் காட்டிற்று. இவ்வெலிகளின் மரபணு ஒன்றேனும் மாறவில்லை. மாறியது அவற்றுக்குக் கிடைத்த தொடக்கமே. காலம் தாழ்த்திச் செய்த உதவிக்கு இப்பயன் கிட்டவில்லை என்பதும் மறக்கத்தக்கதன்று.

2024ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வொன்று இன்னும் ஒருபடி மேலே சென்றது. மூவகைச் சுண்டெலிகளை எடுத்து, ஒரு பகுதியைக் கூண்டிலும் மறுபகுதியை மண்ணும் புல்லும் வெயிலும் மழையும் உள்ள வேலியிட்ட வெளியிலும் வாழவிட்டு, சாட்டைப்புழுவால் தொற்றச் செய்தனர். உடல் சுரக்கும் செய்திப் பொருள்களின் அளவைப் பெரிதும் முடிவு செய்தது மரபே. ஆனால் எதிர்ப்பணுக்களின் கூட்டமைப்பை மரபும் சூழலும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தே வகுத்தன. கூண்டில் தெளிவாகத் தெரிந்த மரபு வேறுபாடுகள் சில, திறந்தவெளியில் மங்கிப் போயின. கூண்டுக்குள் மட்டும் பார்த்து இஃது இதன் இயல்பு என்று எழுதி வைத்த தீர்ப்புகள், கூண்டுக்கு வெளியே முழுமையாக நிலைபெறவில்லை.

மாந்தரிடையே இதனை அளந்து பார்த்தவரும் உளர். கென்யா நாட்டுக் கிலிஃபி வட்டாரத்துக் குழந்தைகளைப் பற்றி 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வின்படி, மலேரியா வருவதில் குழந்தைக்குக் குழந்தை காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மரபால் வருவது. ஏறத்தாழ மற்றொரு நாலில் ஒரு பங்கு, குழந்தை வாழும் வீட்டைச் சார்ந்து வருவது. பெரிதும் பேசப்படும் அரிவாள் அணு மரபணுவின் தனிப்பங்கோ நூற்றுக்கு இரண்டு மட்டுமே. அந்த வட்டாரத்தில் பிறப்பின் பங்கு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே வீட்டின் பங்கும்.

இரண்டு பிழைகள்

இவ்வறிவைப் பெற்றவர் இரண்டு பிழைகளுள் ஒன்றில் விழுதல் எளிது.

முதற்பிழை, வாழ்க்கையால் வந்ததைப் பிறப்பால் வந்ததாகக் கொள்வது. இராபர்ட் காக் என்னும் செருமானிய அறிஞர் 1899, 1900ஆம் ஆண்டுகளில் சாவகத்திலும் நியூகினியிலும் மலேரியாவை ஆராய்ந்தார். நியூகினிச் சிற்றூர்களில் வளர்ந்தோர் குருதியில் ஒட்டுண்ணி அரிதாக இருந்தது. அவ்வளவில் நின்றிருந்தால், அம்மக்கள் இயல்பாகவே காய்ச்சலை வென்றவர்கள் என்று எழுதியிருப்பார். அவர் குழந்தைகளின் குருதியையும் பார்த்தார். அங்கே ஒட்டுண்ணி நிறைந்திருந்தது. பெரியோரின் வலிமை பிறப்பில் வந்ததன்று. மீண்டும் மீண்டும் நோயுற்று, இறவாது எஞ்சியவர்கள் ஈட்டியது. வளர்ந்தோரை மட்டும் பார்த்துப் புகழ்ந்தவன் கண்ணுக்குச் சிறு புதைகுழிகள் தென்படா.

இப்பிழை வெறும் அறியாமையாக நின்றுவிடுவதில்லை. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில், கறுப்பின மக்களை வெப்பநாட்டுக் காய்ச்சல் தாக்காது. ஆதலால் கடும் வெயிலில் உழைப்பதற்கே அவர்கள் படைக்கப்பட்டனர் என்று வாதிட்டு அடிமை முறையை நிலைநிறுத்த முயன்றவர்கள் இருந்தனர். பிறரின் தாங்கும் ஆற்றலைப் புகழ்வதும் சில வேளைகளில் அவர் முதுகில் சுமை ஏற்றுவதற்கான வழியே.

இரண்டாம் பிழை, மெய்யாகவே பிறப்பில் வந்ததைக் கறையாகக் கொள்வது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க மாநிலங்கள் சில, அரிவாள் அணு மரபணு உள்ளவர்களைக் கண்டறியச் சட்டம் இயற்றின. நோக்கம் உதவி செய்வதே. ஆனால் ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் அம்மரபணுவைப் பெற்று நலமாக வாழ்ந்தவர்கள்கூட வேலையையும் காப்புறுதியையும் இழக்க நேர்ந்தது. அந்நாட்டு வான்படைக் கல்விக்கழகம் 1981ஆம் ஆண்டுவரை அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. முன்னோரை மலேரியாவிலிருந்து காத்த மரபு, பேரப்பிள்ளைகளுக்குக் கதவடைக்கும் காரணமாயிற்று.

வடிகால் சொன்ன விடை

இனித் தொடக்கத்தில் கண்ட லயத்துக்குத் திரும்புதல் வேண்டும். 1901ஆம் ஆண்டில் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், நகரிலும் புதிதாகத் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் மலேரியா மக்களை வாரிக்கொண்டு போவதைக் கண்டார். கொசுவே மலேரியாவைக் கொண்டு வருகிறது என்பதற்கான முதற்சான்றை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. வாட்சன் சதுப்புகளை வடியச் செய்தார். நோய் விரைந்து தணிந்தது. பின்னர் குன்றுப்புறத் தோட்டங்களில் அதே முறை பயன்படவில்லை. காடு வெட்டப்பட்டு வெயில் படும் ஓடைகளில் வேறுவகைக் கொசு பிறந்ததே அதற்குக் காரணம். அங்கே மண்ணுக்கடியில் குழாய் வடிகால் அமைத்தும் நீர்மேல் எண்ணெய் தெளித்தும் அதனை அடக்கினர். அங்கு நோயைப் பெருக்கியது தொழிலாளியின் குருதி அன்று. முதலாளியின் தேவைக்காகக் காடு வெட்டப்பட்ட முறையே.

அதன்பின் கொய்னாவும், வேறு மருந்துகளும், பூச்சிக்கொல்லியும், கொசுவலையும், ஊர்தோறும் சென்ற நலத்துறை ஊழியரும் அவ்வேலையைத் தொடர்ந்தனர். சிங்கப்பூரை 1982ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் மலேரியா நீங்கிய நாடாக அறிவித்தது. மலேசியாவில் 2018ஆம் ஆண்டு முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் தோன்றியதாகப் பதிவு இல்லை. குரங்குகளிடமிருந்து வரும் நோலெசி வகை மட்டும் இன்னும் காட்டோரத்து மக்களை வருத்துகிறது.

இந்நூறாண்டில் லயத்து மக்களின் மரபணு மாறியதா? கொள்ளுப் பாட்டனின் குருதிவழியே பேரப்பிள்ளையின் உடலிலும் ஓடுகிறது. காய்ச்சலில் விழக்கூடியவன் என்று பிறப்பு எழுதியிருந்த எத்தனையோ பேர் இன்று ஒருநாளும் அக்காய்ச்சலைக் காணாமல் முதுமை எய்துகின்றனர். பிறப்பு எழுதியது அப்படியே இருக்கிறது; அதனைப் படிக்கும் வாய்ப்பு கொசுவுக்குக் கிடைக்கவில்லை.

சமன்மையும் ஒருமையும்

இங்கே ஒரு தடை எழலாம். சூழலைத் திருத்தினால் போதுமென்றால், பிறப்பு வேறுபாட்டைப் பற்றிப் பேசுவதே வேண்டாமே. பேசினால் இழிவு வரும். அனைவரும் ஒன்றே என்று சொல்லி அமைதல் நன்றன்றோ என்பது அத்தடை. நல்லெண்ணத்தில் எழுவதாயினும் இஃது ஏற்கத்தக்கதன்று.

பிரைமாகுவின் என்னும் மலேரியா மருந்தைப் பலரும் இடரின்றி உட்கொள்வர். ஆனால் ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ளவர் அதனை உட்கொண்டால் சிவப்பணுக்கள் உடைந்து உயிருக்கே கேடு நேரக்கூடும். இக்குறைவும் பிறப்பால் வருவதே. 1956ஆம் ஆண்டில் இக்காரணம் கண்டறியப்பட்டது. அனைவரும் ஒன்றே என்று கூறி, ஆய்ந்து பாராமல் ஒரே மாத்திரையை நீட்டும் மருத்துவர் சமன்மையைக் காப்பவர் ஆகார். மலேசியாவில் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடிக் குருதியில் இந்நொதி சோதிக்கப்படுகிறது. குழந்தையைத் தள்ளி வைப்பதற்காக அன்று. அதற்கு எதைக் கொடுக்கலாகாது என்று அறிவதற்காக.

ஒருவரின் பிறப்பியல்பை அறிவது பழியாவதும் துணையாவதும், அறிந்தபின் செய்வதைப் பொறுத்தது. உதவும் பொருட்டு அறிவது அறம். விலக்கும் பொருட்டு அறிவது கொடுமை. அறியவே மாட்டேன் என்று கண்ணை மூடுவதோ, அன்பின் பெயரால் செய்யப்படும் சோம்பல்.

பொறுப்பு யாருடையது?

பிறப்பும் சூழலுமே ஒருவனை ஆக்குகின்றன என்றால், பொறுப்பு என்னும் சொல்லுக்கே பொருளின்றிப் போகாதா என்று சிந்திக்கும் மாணவர் வினவுவர். பொறுப்பு அழிவதில்லை; இடம் மாறுகிறது. காய்ச்சலில் விழுந்தவனிடம் ஏன் விழுந்தாய் என்று கேட்கும் வினா பொருளற்றது. சதுப்பை வடியச் செய்யும் ஆற்றலும் அறிவும் உடையவரிடம் ஏன் இன்னும் செய்யவில்லை என்று கேட்கும் வினா பொருளுடையது. அவ்வாறே, காய்ச்சல் வராதவன் தன் உடலைப் பற்றிப் பெருமை கொள்ளுதல் தகாது. அவ்வுடலைக்கொண்டு, படுத்திருப்பவனுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தானாயின், அது பெருமைக்குரியது. பெற்றதற்குப் புகழில்லை, பெற்றதைக்கொண்டு செய்ததற்கே புகழுண்டு.

வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்க்கு இவ்வுண்மை அயலானதன்று. ஒரே பாடத்தை நாற்பது பிள்ளைகள் கேட்கின்றனர். ஒருவன் உடனே பற்றிக்கொள்கிறான், மற்றொருவன் தடுமாறுகிறான். இது பிறவியிலேயே அப்படி என்று சொல்லி மதிப்பெண் ஏட்டை மூடுவது எளிது. படிப்பும் நோய் எதிர்ப்பும் ஒன்றல்ல என்பது மெய்யே. எலியின் குருதியைக்கொண்டு குழந்தையின் அறிவை அளத்தல் ஆகாது. ஆயினும் தீர்ப்புக் கூறும் மனம் இரண்டிடத்தும் ஒன்றே. ஒரே கூண்டுக்குள் பார்த்ததை வைத்து இவன் இயல்பு இதுவென்று முடிவு கட்டுவதும், அம்முடிவால் தன் கடமை தீர்ந்தது என்று அமைவதுமே அம்மனத்தின் பழக்கம். தொற்றின் தொடக்கத்தில் கிடைத்த சிறு உதவி ஓர் உயிரைக் காத்தது. காலம் தாழ்ந்த உதவி காக்கவில்லை. அப்பிள்ளைக்கு வேண்டிய தொடக்கம் எது, அது கிடைத்ததா என்று கேட்ட பின்னரே ஏட்டை மூடுதல் ஆசிரியர்க்கு அழகு.

வள்ளுவர் தம் நூலில் 38ஆம் அதிகாரத்தில் ஊழைப் பற்றிப் பேசினார். 62ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையைப் பற்றிப் பேசினார். இவ்விரண்டையும் முரண் என்று கருதி, தமக்கு ஏற்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்பவர் பலர். நோயுற்றவனைக் காணும்போது ஊழையும், தன் வெற்றியை எண்ணும்போது முயற்சியையும் எடுத்துக்கொள்வதே உலக வழக்கம். அதனைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுதல் நன்று. தனக்கு வாய்த்த நலத்தைக் காணும்போது ஊழை நினைத்தால் செருக்குத் தணியும். பிறர்க்கு நேர்ந்த துன்பத்தைக் காணும்போது ஆள்வினையை நினைத்தால் கை தானே மண்வெட்டியைத் தேடும். அன்று கிள்ளானில் சதுப்பு வடிந்தது அப்படித்தான்.